வாடை அடித்ததாக எழுதினேன்

மே 13, செவ்வாய்

காலையிலிருந்து மழை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று தோட்டத்துப் பாதையில் புதைந்து, மோட்டார் சைக்கிளை எடுக்க வழியில்லை. சுங்கை காடுட் பேக்டரிக்கு அரை மணி தாமதம்.

வீட்டுக்கு வந்தால் பதிவுத் தபால். கோயில் திருவிழாவில் மைக் பிடித்த சரவணனின் வக்கீல் கடிதம். தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதியது அவதூறாம். கோயிலில் எல்லார் முன்னாலும் மன்னிப்பு, இல்லாவிட்டால் கோர்ட்.

எழுதியது இரண்டே வரி: "திருவிழாவில் மைக் பிடித்தவர் நிதானத்தில் இல்லை. வாடை அடித்தது."

மகள் கவிதா கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"கருத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?"

"அவன் பேசுறது பிடிக்கலன்னா அது கருத்துப்பா. குடிச்சிருந்தான்னு எழுதினா ஆதாரம் வேணும்லா. இருக்கா?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன்.

மே 14, புதன்

மறக்கக் கூடாதவை: பிரஷர் மாத்திரை. ரோட் டேக்ஸ். கோழித் தீவனம்.

இங்கேயாவது உண்மை. நான் நின்றது மோர்ப்பந்தலில். அவன் ரதத்துக்குப் பக்கத்தில். அவ்வளவு தூரத்துக்கு என்ன வாடை வரும்?

பத்தொன்பது வருஷம் அந்த மைக் என் கையில். ரதம் எங்கே வருகிறது, யார் பிள்ளையைக் காணோம், எல்லாம் சுத்தத் தமிழில் சொல்வேன். இந்த வருஷம் கமிட்டி இவனிடம் கொடுத்துவிட்டது. "ஆண்ட்டி, தள்ளாதீங்க லா, அம்மன் எங்கயும் ஓடிட மாட்டாங்க!" கூட்டமே சிரித்தது. என் பெண்டாட்டி லெட்சுமியும். என் பேச்சுக்கு ஒருத்தர் சிரித்தது கிடையாது. வயிறு எரிந்தது. அன்று சாயங்காலமே எழுதிவிட்டேன்.

மே 15, வியாழன்

வெயில். பாசாரில் மீன் வாங்கும்போது பக்கத்து வரிசை வீட்டு அஞ்சலையின் குரல்: "குடிக்கிறவன் வேன்ல பிள்ளைய எப்படி அனுப்புறது?"

சரவணன் ஓட்டுவது பள்ளி வேன். எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது நினைக்கவில்லை. பதினான்கு பிள்ளைகள் ஏறுவார்கள். இன்று மூன்று.

லெட்சுமி அவன் வீட்டுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். நான் வாங்கிய மீன். எனக்கு வால் துண்டு.

மே 16, வெள்ளி

சாயங்காலப் பூஜைக்கு நல்ல கூட்டம். சரவணன்தான் மைக்கை நீட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. வக்கீல் அனுப்பியதை அப்படியே வாசித்தேன்: "நான் எழுதியது முற்றிலும் பொய். அவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." குரல் கணீரென்று வந்தது. ஒரு பிசிறு இல்லை.

பின்னால் யாரோ: "அண்ணன் குரல் அப்படியே இருக்கு பாரேன்."

தலைகுனிந்து நிற்க வேண்டிய நேரம். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. சீ.

மே 19, திங்கள்

மேகமூட்டம். வேனில் அதே மூன்று பிள்ளைகள்.

அஞ்சலையைப் பிடித்துக் கேட்டேன், பொய் என்று நானே சொல்லிவிட்டேனே என்று.

"வக்கீல் மிரட்டுனா யாரும் அப்படித்தான் சொல்வாங்க. நீங்க எதுக்குண்ணே பொய் எழுதப் போறீங்க?"

பொறாமையில் எழுதினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் கோயில் தலைவர் வாசலில் மோட்டாரை நிறுத்தினார். "சரவணன் வேன விக்கப் போறானாம். இனிமே மைக்கும் தொட மாட்டேன்னுட்டான். அடுத்த வருஷம் நீங்களே..."

யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் முடிப்பதற்குள் சரி என்றேன்.