சொன்ன காலையில் வந்தவர்

ஷினோவுக்கு,

நம் பிரபுவோடு எடோ நகரத்துக்கு வந்து ஏழு மாதமாகிறது. ஒரு நாள்கூட உடம்புக்கு என்று படுக்கவில்லை. அப்பாவின் இருமல் குறைந்ததா? குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா?

ஒரு சின்ன சமாச்சாரம், பயப்படாமல் படி. மழையில் பாலத்தைக் கடக்கும்போது என் வாளுறை இன்னொரு சாமுராயின் உறையில் மோதிவிட்டது. உறை உரசிய பிறகு சும்மா விலகிப் போவது நமக்கு அவமானமாயிற்றே. கூட்டம் வேறு கூடிவிட்டது. அவர் பெயர் இகராஷி, வேறொரு பிரபுவின் ஆள். அங்கேயே அவரை வாள் சண்டைக்குக் கூப்பிட்டேன்.

"மூணு நாள் எனக்குத் தீயணைப்புக் காவல். அது முடிஞ்ச மறுநாள் காலையில கோயில் பின்னால வர்றேன்," என்றார்.

"வந்தாத்தான் தெரியும்," என்று நக்கலடித்தேன்.

அந்த மூன்று நாளுக்குள் நகரத்தில் பெரிய தீ. இனி எங்கே வரப்போகிறார் என்ற நினைப்போடுதான் போனேன். எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். இரண்டு கையும் வெந்து, துணி சுற்றியிருந்தது. விரல் மடங்கவில்லை.

"இந்தக் கையோட எதுக்கு வந்தீங்க? வாளையே பிடிக்க முடியாதே."

"வர்றேன்னுதானே சொன்னேன். ஜெயிக்கிறேன்னா சொன்னேன்?"

நான் மண்டியிட்டேன், ஷினோ. ஈர மண்ணில் நெற்றி பட வணங்கினேன்.

உன் அம்மா காய்ச்சும் தீப்புண் களிம்பை இரண்டு சிப்பிச் சிமிழில் அடைத்து அனுப்பு. அவருக்கும் இங்கே யாருமில்லை. நான்தான் தினமும் கட்டு மாற்றுகிறேன். சாயங்காலம் பேச ஓர் ஆள் கிடைத்திருக்கிறது.

தபால் கொண்டு ஓடுகிறவன் வாசலில் நிற்கிறான். இதைப் படித்துக் காட்டினால், யார் ஜெயித்தது என்றுதான் அப்பா கேட்பார். வாளை உருவாமலே நான் தோற்றுவிட்டேன் என்று சொல்.

கிஹெய்