ஐந்நூறு மீற்றர்

மே 11, சனி. இரவு.

மான் வேட்டைக்கென்று வாங்கிய சாதாரணத் துவக்கால் இன்று குறிபார்த்துச் சுடும் மைதானத்தில் ஐந்நூறு மீற்றருக்கு அப்பால் தொங்கிய இரும்புத் தகட்டில் சுட்டுவிட்டேன். எட்டாவது வெடியில்தான் பட்டது. தகட்டின் ஓசை கொஞ்சம் பிந்தி வந்தது. கூடச் சந்தோசப்பட யாருமில்லை. படுத்துச் சுட்ட பாயிலிருந்தே வவுனியாவில் இருக்கும் மனைவிக்குப் போன் எடுத்தேன். நான் வாய் திறக்கும் முன் அடுத்த பாயிலிருந்தவர் சுட்டார்.

"ஐயோ, கீழ படுங்கோ!" என்று சண்டைக் காலத்தில் கத்தியதுபோலவே கத்தினாள்.

"பயப்பிடாதையும், இது விளையாட்டு."

அவள் கேட்கவில்லை. "படுத்திட்டீங்களோ?" என்று அழுதாள்.

"ஓம், படுத்துத்தான் கிடக்கிறன்."

அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. இந்த வெளிநாட்டில் நான் தனியாக இருக்கும் கிரான்பர்ன் அறைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டாயிற்று. தகட்டில் பட்டதை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.