முட்டிக்கு வந்த கரண்டு

வல்லம்
14.9.1991

என் கண்ணான ராஜசேகருக்கு அம்மா எழுதுவது.

உடம்பு தேறி வருகிறது. முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பழைய மூட்டை எடுத்துவிட்டு இரும்பு மூட்டு வைத்து இன்றோடு ஐந்து வாரம். தையல் ஆறிவிட்டது. ஆனால் மடக்கினால் உயிர் போகிறது. தண்டலத்து நர்ஸ் மெர்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ் ஏறி வந்து, காலைப் பிடித்து மடக்கிப் பார்க்கிறாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் காந்திமதி, தன் மாட்டுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தொழுவத்துக்கு ஓடினாள்.

பெரிய டாக்டர் கெடு வைத்திருக்கிறார். ஐப்பசி கடைசிக்குள், நாற்காலியில் உட்கார்ந்தால் கால் மடங்கித் தொங்க வேண்டுமாம். இல்லாவிட்டால் மறுபடி மயக்க மருந்து கொடுத்து அவர்களே பிடித்து மடக்குவார்களாம். போன தடவை மயக்கத்தில் பிரஷர் ஏறி இரண்டு நாள் நான் கண் திறக்கவில்லை. இன்னொரு தடவை திறப்பேனா, தெரியாது.

உன் கம்பெனி ரகுபதி லீவில் வந்தவன் நீ கொடுத்தனுப்பிய மிஷினைக் கொண்டுவந்து கொடுத்தான். சீட்டுக்கட்டு அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒயர், ஒயர் முனையில் ரப்பர் வில்லை. மெர்சி பார்த்துவிட்டு, "யம்மா, இத்த முட்டிய சுத்தி ஒட்டிகினா சின்னதா கரண்டு ஓடும். வலி கம்மியாவும். அப்பால நல்லா மடக்கலாம்" என்றாள். பெரிய டாக்டரும் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் கரண்டு என்ற சொல் காதில் விழுந்ததும் நான் மிஷினைப் பிடுங்கிக்கொண்டேன். "இந்த வூட்ல கரண்டு ஒருத்தர தூக்கிகினு போனது போதாதா?" என்று கேட்டு, மிஷினைப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா
சின்னப்பொண்ணு


மஸ்கட்
28.9.1991

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து வேலையில் மனம் இல்லை. இன்னொரு மயக்க மருந்து உனக்கு வேண்டவே வேண்டாம். வலி குறைந்து முட்டி மடங்கட்டும் என்றுதான் மிஷினே அனுப்பினேன். சுவர் ப்ளக்கில் சொருகும் சாமான் இல்லை அது. உள்ளே இருப்பது டிரான்சிஸ்டருக்குப் போடுகிற மாதிரி ஒரு பேட்டரி. எறும்பு ஊர்வது போல இருக்கும், அவ்வளவுதான். அந்தக் குறுகுறுப்பில் வலி கொஞ்சம் அடங்கும் என்று இங்குள்ள டாக்டர் சொன்னார். உன் டாக்டரும் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே. பன்னிரண்டு வருடமாக ஒயரோடு குடும்பம் நடத்துகிறவன் சொல்கிறேன், என்னை நம்பு. பீரோவைத் திற.

தீபாவளிக்கு வர முடியாது. சைட்டில் ஆள் குறைவு. நைனாவின் திதியை வழக்கம்போல நீயே பார்த்துக்கொள்.

உன் மகன்
ராஜசேகர்


வல்லம்
10.10.1991

ராஜசேகருக்கு,

பீரோவைத் திறந்தேன். மெர்சி வில்லையில் பசை தடவி முட்டியின் இரண்டு பக்கமும் ஒட்டினாள். நான் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, கால் தரையில் படாமல் மரப்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குமிழைக் கொஞ்சம் திருப்பினாள். நீ சொன்ன எறும்பு ஊர்ந்தது. அந்த நிமிஷம் உன் நைனா மோட்டார் கொட்டகைச் சேற்றில் வாய் திறந்தபடி கிடந்தது கண் முன்னால் வந்தது. அலறிக்கொண்டு எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டேன். "இன்னாமா நீ, கொயந்த மாரி" என்று மெர்சி கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

முட்டி பாதிகூட மடங்கவில்லை. கெடு நெருங்குகிறது.

நம்பு, நம்பு என்று எழுதுகிறாய். உன்னோடு அதே கம்பெனியில் இருக்கும் ரகுபதி நாலு தடவை ஊருக்கு வந்து போய்விட்டான். உனக்கு மட்டும் பதினோரு வருடமாக, தீபாவளி வந்தால் ஆள் குறைந்துவிடுகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை வா. பக்கத்தில் உட்கார்ந்து உன் கையால் அந்தக் குமிழைத் திருப்பு. நான் கத்தாமல் இருக்கிறேன். வர முடியாது என்றால் ஏன் என்று எழுது. சைட், ஆள் குறைவு என்று மட்டும் எழுதாதே.

அம்மா


மஸ்கட்
22.10.1991

அம்மா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். என் கையை நம்பி நீ உட்காரக் கூடாது.

நைனா போனதற்கு முதல் நாள் மோட்டார் ஒயர் அறுந்துபோய் நான்தான் ஜாயின்ட் போட்டேன். டேப் தீர்ந்துவிட்டிருந்தது. யூரியா மூட்டையின் பிளாஸ்டிக் உள்பையைக் கிழித்துச் சுற்றி, சணலால் கட்டினேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் கட்டுவார்கள். ஆனால் நான் ஐ.டி.ஐ.யில் படித்தவன், கட்டக் கூடாது என்று தெரிந்தவன். நாளைக்கு ஸ்ரீபெரும்புதூர் போய் டேப் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். விடிந்ததும் நைனா தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டார் என்று ஊர் சொன்னது. நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். ஆறு மாதத்தில் இங்கே ஓடி வந்துவிட்டேன். உன் எதிரில் உட்கார்ந்து சோறு தின்ன எனக்குப் பயம். இப்போதும் பயம்தான்.

மிஷினை அனுப்புவதற்கு முன் ஒரு வாரம் என் காலிலேயே ஒட்டிப் பார்த்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. இதற்குப் பிறகு உனக்கு வேண்டாம் என்றால் தூக்கி எறிந்துவிடு. ஆனால் எப்படியாவது முட்டியை மடக்கிவிடு அம்மா.

ராஜசேகர்


வல்லம்
8.11.1991

ராஜசேகருக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் வந்தது. படித்தேன். படித்துவிட்டு அழுதேன்.

எனக்குத் தெரியும் ராஜசேகர். அன்றே தெரியும். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். கருகிய பை ஒயரில் தொங்கியது, சணலும் இருந்தது. நீ போடுகிற முடிச்சு எனக்குத் தெரியாதா? உன் டிராயர் நாடாவை அவிழ்த்துவிட்டவள் நான். பிடுங்கி மடியில் சொருகிக்கொண்டு வந்து அடுப்பில் போட்டேன். இருந்த ஒரு பிள்ளையையும் போலீஸ் கொண்டுபோய்விடுமோ என்று பயம். கவனமில்லாத மனுஷன் என்று செத்தவருக்குப் பெயர் நின்றது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். நீ விமானம் ஏறிய அன்று எனக்கு அப்பாடா என்று இருந்தது. பெற்றவள் எழுதுகிற எழுத்தா இது? பிறகு கோபம் தேய்ந்து, நீ வாய் திறக்காமலே நான் போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. மறைக்கிற பிள்ளை நம்பு என்றால் எப்படி நம்புவது? அவன் அனுப்பிய ஒயரை உடம்பில் எப்படி ஒட்டிக்கொள்வது?

அன்றைக்கே மிஷினை எடுத்து நானே ஒட்டிக்கொண்டேன். பயந்துகொண்டேதான் குமிழைத் திருப்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வலி ஒரு எட்டு தள்ளி நின்றது. ஏழு நாளாகத் தினம் ஒட்டிக்கொண்டுதான் மடக்குகிறேன். "பரவால்லியே, பாதி தாண்டிடுச்சே" என்று மெர்சி நேற்றுச் சொன்னாள். ஆனால் டாக்டர் கேட்ட அளவுக்கு இன்னும் நாலு விரற்கடை குறைகிறது. கெடுவுக்கு எட்டு நாள் இருக்கிறது. எட்டுமா, மறுபடி மயக்க மருந்துதானா, எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று காகிதத்தில் எழுத எனக்கு வரவில்லை. எழுதிப் பார்த்தேன், கை நின்றுவிட்டது. முகத்தைப் பார்த்தால் வரும் என்று நினைக்கிறேன். பதில் போடாதே. கிளம்பி வா.

அம்மா