ஒரே பெட்டியில் இரண்டு அடைக்கோழி

ஸ்பிரிங்வெளி,
ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு.

அன்பு மகள் நிலக்ஷனாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது, உன் அண்ணன் கெவின் பண்டாரவளை மரக்கறிக் கடையில்தான் இன்னும் இருக்கிறான், சனிக்கிழமை வந்து அழுக்குத் துணியைப் போட்டுவிட்டு ஞாயிறு போகிறான். நீயும் அந்த மன்னார் வெயிலில் சுகமாக இருக்க வேண்டும் என்று செபமாலையில் உனக்கென்று ஒரு மணி கூடவே உருட்டுகிறேன். தலையில் முக்காடு இருக்கிறதே என்று நம்பி வெயிலில் நிற்காதே, தண்ணீர் நிறையக் குடி. கன்னியர் மடத்தில் மாதம் ஒரு கடிதம்தான் எழுத விடுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் செவ்வாய்க்கிழமை தோட்டத்து ஆபீசில் உன் கடிதம் வந்திருக்கிறது என்று சொன்னதும் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்ட கையோடு ஓடினேன். வாங்கிப் பார்த்தால் உறையின்மேல் திருமதி ராமலட்சுமி என்று எழுதியிருக்கிறது. இந்த மாதத்து ஒரே ஒரு கடிதம், நம் லயத்தில் அடுத்த வீடான பக்கத்துக் காம்பரா பெரியம்மாவுக்கு. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும், எனக்கு வயிறு எரிந்தது மகள்.

அதிலும் கொடுமை என்னவென்றால் பெரியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, மூன்றாம் வகுப்பில் நீ சிலேட்டில் பழக்கிக் கொடுத்த கையெழுத்து மட்டும்தான் தெரியும், ஆகவே அந்தக் கடிதத்தை நானே உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசற்படியில் வாசித்தேன். பெரியம்மாவின் கால் வலி எப்படி, பெரியம்மா சுடுகிற ரொட்டி மாதிரி அங்கே கிடைக்கவில்லை, கருப்பி முட்டை போடுகிறதா. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற மாதிரி ஒரே குரலில் வாசித்துக்கொண்டே போனேன், அவரோ ஒவ்வொரு வரிக்கும் என் தங்கம், என் தங்கம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அந்த வரி வந்தது. நான் துறவற வார்த்தைப்பாடு கொடுக்கிற அன்றைக்கு வீட்டு ஆள் ஒருவர் மெழுகுதிரியைக் கொளுத்திக் கையில் கொடுக்க வேண்டும், அதைப் பெரியம்மாதான் கொடுக்க வேண்டும், இதை அம்மாதான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவாங்க, அம்மா கோவிச்சுக்க மாட்டாங்க என்று எழுதியிருந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரியம்மா என்று இருந்த இடத்தில் அம்மா என்று வாசித்துவிட்டு, மிச்சத்தை முழுங்கிவிட்டுக் கடிதத்தை மடித்தேன். அவர் ஒரு சந்தேகமும் படவில்லை. அதுதானே மொறை, பெத்தவதானே குடுக்கணும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தன் மகன் கல்யாணத்துக்குக் கட்டிய அந்த மயில்கழுத்துச் சேலையை எடுத்துவந்து, ஒனக்கு நல்ல சேலை இல்லையேடி கொரட்டி, இத கட்டிக்கிட்டுப் போ என்று என் மடியில் வைத்தார். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு மனுசி இவ்வளவு நல்லவளாக இருந்தால் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறவள் என்னதான் செய்வாள்?

இப்போது கோழிக் கதைக்கு வருகிறேன். போன மாதமே நம் சிவப்பி அடைக்கு உட்கார்ந்து, லயத்துக்குப் பின்னால் பழைய பலகைப் பெட்டியில் வைக்கோல் போட்டுப் பதினைந்து முட்டை வைத்தேன், பதினைந்தும் அவள் போட்ட முட்டைதான். அதே வாரம் பெரியம்மாவின் கருப்பியும் அடைக்கு வந்துவிட்டாள், அவள் போட்டதையெல்லாம் அவ்வப்போது பொரித்துச் சாப்பிட்டுவிட்டதால் அவளுக்குக் கீழே வைக்க ஒரு முட்டை இல்லை. அடையைக் கலைக்கத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள், கூடைக்குள் கவிழ்த்துப் பார்த்தார்கள், ஒன்றுக்கும் மசியாமல் நேராக வந்து நம் பெட்டிக்குள் இறங்கிச் சிவப்பியை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தூக்கி வெளியே விடுவேன், தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினால் மறுபடி உள்ளே இருப்பாள். சிவப்பி சண்டை போடுவாள் என்று பார்த்தேன், அந்த மானங்கெட்டது நகர்ந்து இடம் கொடுத்தது. சிவப்பி இரை தின்ன இறங்கினால் கருப்பி முட்டைகளைத் தன் பக்கம் இழுத்து மூடிக்கொள்வாள். இரண்டு முட்டை கூமுட்டையாகப் போய், மிச்சம் பதின்மூன்றும் பொரித்தது. பொரித்து வந்த குஞ்சுகள் கருப்பி கொக்கென்றால் கருப்பியிடம் ஓடுகின்றன, சிவப்பி கொக்கென்றால் பாதி திரும்பிப் பார்க்கின்றன. உனக்கு மூன்று வயதில் நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், பதினொரு வயதில் திரும்பி வந்து பதுளை பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, நீ பெரியம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாயே, அதுதான் நினைவுக்கு வந்தது. உன் பள்ளிக்கூடச் செருப்பு, புத்தகம், நோய்க்கு மருந்து எல்லாம் நான் அனுப்பிய காசில்தான் வந்தது, உன்னை ஞாயிறு தவறாமல் பூசைக்குக் கூட்டிப்போனது நெற்றியில் திருநீறு பூசிய அந்த மனுசி. அவர் சர்ச்சுக்கு வெளியே மாமரத்தடியில் காத்திருப்பாராம், நீதான் எனக்குச் சொன்னாய். நான் அங்கே குவைத்தில் வேறு யாரோ பிள்ளைகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன்.

கடிதம் வாசித்த மறுநாள், புதன்கிழமை பொழுது சாய்கிற நேரம், எனக்கு என்ன பிடித்ததோ, கருப்பியைத் தூக்கிப் பெரியம்மா வீட்டுக் கோடியில் கொழுந்துக் கூடைக்குக் கீழே போட்டு மேலே கல்லை வைத்துவிட்டேன். என் கோழி, என் முட்டை, என் குஞ்சு, இனி சிவப்பி ஒருத்தி வளர்க்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன், அப்பா பார்த்துவிட்டு ஒனக்குப் பைத்தியமா என்று கேட்டார். அன்றைக்கு இருட்டியதும் பிடித்த மழை, பனியும் சேர்ந்துகொண்டது, பசறை ரோட்டில் மண் சரிந்து காலை பஸ்ஸும் வரவில்லை. வியாழக்கிழமை பெரட்டுக்குப் போகுமுன் பெட்டியைப் பார்த்தேன். சிவப்பி சின்ன உடம்புக்காரி, உனக்குத் தெரியும், அவள் செட்டையை எவ்வளவு விரித்தாலும் பதின்மூன்றையும் மூட முடியவில்லை. ஓரத்தில் இரண்டு குஞ்சு விறைத்துச் செத்துக் கிடந்தன, மூன்றாவது தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அவள் அப்போதும் செட்டையை விரித்தபடியே இருந்தாள். நான் போட்ட சத்தத்தில் பெரியம்மா வந்தார். ஒன்றும் கேட்காமல் அந்தக் குஞ்சைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் அடுப்போரம் உட்கார்ந்தார், அது கீச்சென்று கத்துகிறவரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு கருப்பியைக் கொண்டுவந்து பெட்டியில் விட்டார், பதினொன்றும் இரண்டு பேருக்குக் கீழேயும் புகுந்துகொண்டன. இதுகள ஏண்டி பிரிச்ச என்று அப்போதுதான் கேட்டார். ஒன்றையொன்று கொத்திக்கொண்டது அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. உள்ளே போய் உன் கடிதத்தை எடுத்துவந்து, அந்த இடத்தை எழுதியிருந்தது எழுதியிருந்தபடியே வாசித்தேன். வாசித்து முடித்ததும் செவ்வாய்க்கிழமை நான் மாற்றி வாசித்ததையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன், நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கும் ஆறியிருக்கும். அவரோ, அவ நெனச்சாளே அது போதும்டி, பொட்டு வச்சவள அங்க பீடத்துக்கிட்ட விடுவாங்களா, நீயே குடு, நான் பின்னால நின்னு பாத்துக்கறேன் என்றார். அதைக் கேட்டு எனக்கு மறுபடியும் பொறாமை வந்தது, இப்படி விட்டுக்கொடுக்க எனக்கு ஏன் வரவில்லை என்று. ஆனால் ஒன்று செய்தேன் மகள், அந்தச் சேலையை அவர் மடியிலேயே திருப்பி வைத்து, நீங்க கட்டிக்கிட்டு வாங்க அக்கா, மாமரத்தடியில நின்னது போதும் என்று சொல்லிவிட்டேன். ஆகவே நீ மடத்துத் தலைவி மதரிடம் கேள், பொட்டு வைத்த பெரியம்மா ஒருவர் மெழுகுதிரி கொடுக்கலாமா என்று. கூடாது என்று அவர்கள் சொன்னால் என் மனதின் ஒரு மூலை சந்தோஷப்படும், அதையும் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன், அதற்காக நீ ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதே, கெஞ்சிக் கேள்.

மூன்று பஸ் மாறி வர வேண்டும், அப்பாவுக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் கொண்டுவருவோம். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று தெளிவாக எழுது. அடுத்த மாதக் கடிதம் என் பேருக்கு வர வேண்டும், இதை மறக்காதே. தேவதாய் உன்னை நிழலாக இருந்து காக்கட்டும், நீ எடுத்த காரியத்தில் நிலைத்திருக்க ஆண்டவர் உனக்குப் பலம் தரட்டும். பெரியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், தானும் கையெழுத்துப் போட வேண்டுமாம், பேனாவைக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்று வளர்த்த அம்மா,

ராமலட்சுமி

மகள், நான் என் பேருக்கு விட்டுவைத்த இடத்தில் போட்டுவிட்டார். போட்டுவிட்டு, மேல என்னடி எழுதியிருக்க என்று கேட்டார். எழுதியிருந்தபடியே வாசித்துக் காட்டினேன்.

மரியகொரட்டி