பேஸ்மென்ட்டில் என் கட்டில்

மதனுக்கு,

நேற்று கூடத்தில் நீ, வான்மதி, அவளைப் பெற்றவர்கள், வீட்டை விற்றுத்தரும் ஏஜென்ட் அம்மாள், நான் இருந்தோம். தீப்பிடித்தால் ஆள் ஏறி வெளியேற ஜன்னல் இல்லாததால் பேஸ்மென்ட்டைப் படுக்கையறை என்று காட்டக் கூடாது, விலையும் அதனால் பெரிதாக ஏறாது என்றார் ஏஜென்ட். "அப்பாவுக்காகத்தான் கீழே சுவர், தரையெல்லாம் போட்டு ஃபினிஷ் பண்ணேன், எல்லாம் வேஸ்ட்" என்றாய். சம்பந்திகள் முன்னால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

இன்று வீடு பார்க்க வருகிறார்கள். கட்டிலை மடக்கி கராஜில் வைத்துவிட்டேன், இடுப்பு வலிக்கிறது. அவர்கள் போகும்வரை பிஸ்கட்டவே ஊர் நூலகத்தில் இருப்பேன். ரசம் அடுப்பின்மேல் இருக்கிறது, சூடுபண்ணிச் சாப்பிடு.

அப்பா

பின்குறிப்பு: "அப்பாவை பேஸ்மென்ட்ல போட்டுட்டான்" என்று கோயிலில் பேசுகிறார்களாம். பொய். நீ மாடியறையைத்தான் கொடுத்தாய். கீழறையைக் கேட்டு வாங்கியவன் நான்.