நீ அழித்த இருபத்து மூன்று லெவல்கள்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டு வீக்கம் வடிந்துவிட்டது, படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். அக்காவின் சின்னவள் பள்ளிக்கூடத்தில் யாரையோ கடித்து வைத்துவிட்டு, அவதான் கையை வாய்க்குள்ள வெச்சா என்று சாதிக்கிறாளாம். அலுவலகத்தில் என்னிடம் வேலை பழகியவன் போன மாதம் எனக்கு மேலதிகாரியாகிவிட்டான். கட்டட வரைபடக் கட்டுகளை நானே சுமந்துகொண்டு போய் அவன் மேஜையில் வைக்கிறேன், நீங்க எதுக்கு சார் சிரமப்படுறீங்க, ஆள் அனுப்பியிருப்பேனே என்கிறான். ஆள் ஒரு நாளும் வந்ததில்லை. இதை எல்லாம் எழுதுவது உன் பரிதாபத்துக்காக இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லக் கை வரவில்லை, அதனால்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் போனில் பேசியதைச் சாப்பாடு போடும்போது அவள் சொன்னாள். அந்த கம்ப்யூட்டர் கேமுக்கு லெவல் செய்து போடுவதை நீ நிறுத்திவிட்டாயாம், போட்ட இருபத்து மூன்றையும் உன் மெஷினில் இருந்தவற்றையும் சேர்த்து அழித்துவிட்டாயாம். கேம் செய்கிற அந்தச் சின்ன கம்பெனி உன் லெவல்களைப் பார்த்து வேலைக்குக் கூப்பிட்டு, கடைசியாகச் செய்த ஐந்தை விளையாடுகிறவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றதும், பிறகு மரியாதையாக வேண்டாம் என்று எழுதியதும் அப்போதுதான் எனக்குத் தெரியும். சிவப்பு மைன்னு பேர் வெச்சுக்கிட்டு ஒருத்தன்மா, இப்பல்லாம் நான் போட்ட ரெண்டு மூணு நாளுக்குள்ள வந்து கழுத்தை அறுக்குறான், எனக்குன்னே எங்கயோ காத்துக்கிட்டு இருக்கான் என்று சொன்னாயாம். அம்மா அதைச் சொல்லிவிட்டு, யாருங்க அந்தப் பாவி, வேற வேலையே இல்லையா அவனுக்கு என்று என்னைத்தான் கேட்டாள். நான் தண்ணீர் குடித்தேன். அந்தப் பாவி நான்தான்.

எப்படி என்று கேட்பாய். ஒவ்வொரு தடவையும் புது லெவல் போட்டதும் அதன் நம்பரை அம்மாவுக்கு அனுப்புவாய், அவள் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைப்பாள், பையன் அனுப்பினது, இருக்கட்டும் என்பாள். அவள் மூட்டுப் பயிற்சிக்குப் போகும் மாலைகளில் உன் அறையில் நீ விட்டுப்போன பழைய மெஷினைப் போட்டு, அந்த நம்பரை அடித்து உன் லெவலைத் தேடி எடுத்தேன். மூன்றாம் வருடத்தில் படிப்பை உதறிவிட்டு ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கப் போனவன் அப்படி என்னதான் கிழிக்கிறான், பார்த்துவிடலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். அந்தக் காலேஜ் சீட்டுக்காக யார் வாசலில் நான் கை கட்டி நின்றேன் என்பது உனக்குத் தெரியும், நின்றது இன்னும் எனக்கு ஆறவில்லை. அந்த கேமில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள், லெவலைக் கடைசி வரை ஓடி முடித்தவன்தான் அதைப் பற்றி எழுத முடியும். திட்டுவதற்காகவே நான் முடிக்க வேண்டியிருந்தது. ஐம்பத்தேழு வயதில், ஒரு குள்ளப் பயலைப் பள்ளத்துக்குப் பள்ளம் தாண்ட வைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் லெவலுக்கு ஆறு வாரம் பிடித்தது. முந்நூறு தடவைக்கு மேல் செத்தேன், கட்டை விரல் வீங்கி அலுவலகத்தில் பேனா பிடிக்க முடியவில்லை. முடித்த அன்றைக்கே எழுதினேன், குழிகள் அளவில்லாமல் வைக்கப்பட்டுள்ளன, செய்தவருக்கு அடிப்படைக் கணக்குத் தெரியவில்லை என்று. இருபத்தொன்பது வருடம் அடுத்தவர்களின் வரைபடத்தில் சிவப்பு மையால் குற்றம் எழுதிய கை இது, வேறு நடை அதற்கு வராது. அதன் கீழே பதினெட்டுப் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். என் வார்த்தைக்கு இத்தனை பேர் தலையாட்டியது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை, அந்த ருசி என்னை விடவில்லை. நீ வீட்டை விட்டுப் போன நாளில் வாசலில் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனதற்கும், இரண்டு வருடமாக அப்பா எப்படி இருக்கார் என்று ஒரு வார்த்தை கேட்காததற்கும், லெவலுக்கு லெவல் பழி தீர்த்துக்கொண்டேன். யாரோ முன்பின் தெரியாதவனைத் திட்டுவதாக ஒரு நாளும் நினைத்துக்கொள்ளவில்லை. நீதான் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

எழுதியதில் பலதும் உண்மை, அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஏழாவதில் கூரையிலிருந்து விழும் கல் முன்கூட்டித் தெரிவதில்லை, பன்னிரண்டாவதில் ஏணி ஒரு கட்டம் குறைவு. ஆனால் இருபத்து மூன்றாவது வேறு. அதில் தொடர்ந்து பதினான்கு தாவல் வைத்திருந்தாய், கால் வைத்ததும் தரை உடையும், நிற்க முடியாது. அதைக் கடந்ததும் பத்துக் கட்டம் வெறும் தரை. எதிரி இல்லை, காசு இல்லை, பொறி இல்லை. வீண் இடம் என்று குறித்துக்கொள்ளத்தான் போனேன், அப்போதுதான் கவனித்தேன், என் கட்டை விரல் பட்டனிலிருந்து தானாக இறங்கியிருந்தது. விளையாடுகிறவனின் கை ஓயட்டும் என்று நீ அந்த இடத்தை விட்டிருக்கிறாய். இத்தனை வருடத்தில் என் மேஜைக்கு வந்த வரைபடம் எதிலும், அங்கே நிற்கப்போகிறவனை ஒருவன் அப்படி நினைத்து நான் பார்த்ததில்லை. நானும் நினைத்ததில்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அம்மா வரும் நேரம் ஆகிவிட்டது. பழையதையே திருப்பிப் போட்டிருக்கிறார், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு மெஷினை அணைத்தேன். மற்றதெல்லாம் கோபத்தில் எழுதிய உண்மை. அது ஒன்று பொறாமையில் எழுதிய பொய். அந்த கம்பெனிக்காரர்கள் பார்த்த ஐந்தில் அதுவும் ஒன்று. அந்தப் பொய்யால்தான் வேலை போனதா என்று எனக்குத் தெரியாது, இல்லை என்று சொல்லிக்கொள்ளவும் என்னால் முடியவில்லை.

இத்துடன் பத்தொன்பது தாள் வைத்திருக்கிறேன். வழி மனதில் நிற்காததால் ஐந்தாவதிலிருந்து ஒவ்வொரு லெவலையும் கட்டத்தாளில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டுதான் ஆடினேன். பள்ளம், தரை, எதிரி நிற்கும் இடம் எல்லாம் அளவு பிசகாமல் இருக்கும், அந்த வேலையில் என்னை நம்பலாம். இவற்றைப் பார்த்து நீ திரும்பக் கட்டிவிடலாம். முதல் நான்கையும் வரையவில்லை, அவை போனது போனதுதான், அவற்றில் ஒரு அறையின் மூலைகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. திரும்பக் கட்டு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கிழித்துப் போடுவதானாலும் இருபத்து மூன்றாவது தாளைக் கடைசியாகக் கிழி. அந்த கேமில் என் கணக்கை நேற்று மூடிவிட்டேன், மூடினால் எழுதியவையும் சேர்ந்து போய்விடும் என்றார்கள், உன் லெவல்களே இல்லாதபோது அவை போய் என்ன.

அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது. சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம், நானாகச் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை. குளிரில் வெறுங்கையோடு பெட்டி தூக்காதே, உறை வாங்கிப் போட்டுக்கொள், விரல் கெட்டால் திரும்ப வராது. உன் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், நீ நினைத்தது நடக்கட்டும், அதில் என் நிழல் படாமல் நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல அம்மாவிடம் பேசு, நான் குறுக்கே வர மாட்டேன். என்னோடு பேசுவதானால் மறக்காமல் வேலை நாளில் கூப்பிடு. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள், நான் இருக்கையில் தனியாகத்தான் இருப்பேன். திட்டுவதற்கு அந்த நேரம் வசதியாக இருக்கும், நடுவில் போனை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா