டாக்டரம்மாவுக்கு நான் போட்ட சம்பளம்

டாக்டரம்மா அவர்களுக்கு,

நேற்று மத்தியானம் என் கால் புண்ணுக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்திருந்தார். சர்க்கரை வியாதிப் புண், ஆறுவேனா என்கிறது. அவர் பையைத் திறந்ததும் கார்பாலிக் மருந்து வாடை வீடு முழுக்கப் பரவியது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்கட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓடக் கால் இல்லை என்பது ஒரு காரணம். அந்த வாடை வந்தாலே நீங்கள் வந்துவிட்டதாகத் தோன்றுவது இன்னொரு காரணம். நீங்கள் காலமாகி வருஷம் ஒன்று ஆகப்போகிறது என்று தெரிந்தும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

தகவல் சொல்லி உங்கள் தங்கை எழுதிய கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அந்தப் பெண்ணுக்கு எழுத என்னிடம் என்ன இருக்கிறது? எழுத வேண்டியது உங்களுக்கு. உங்களிடம் நான் மறைத்த விஷயம் ஒன்று உண்டு. அதற்கு வரும் முன் பழசையெல்லாம் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நான் சுற்றி வளைத்துப் பேசுவேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

கண்டனூரில் என் பங்காளி ஒருவர் பள்ளிக்கூடம் கட்டிப் பெயர் வாங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. அரியக்குடி போகிற சாலையில் பெண்களுக்கென்று ஒரு தர்ம ஆஸ்பத்திரி கட்டினேன். புண்ணியத்துக்குக் கட்டினேன் என்று ஊர் சொல்லிற்று, நானும் மறுக்கவில்லை. பர்மாத் தேக்கில் கதவு, இத்தாலிக் கல்லில் தரை. எல்லாம் முடிந்த பிறகுதான் அதற்கு ஒரு டாக்டர் வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. பட்டணத்தில் படித்து, மதுரையில் ஐந்து வருஷம் வேலை பார்த்த நீங்கள் வந்தீர்கள். சிவகங்கைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், கல்யாணம் ஆகவில்லை, இரண்டு தங்கைகளைப் படிக்க வைக்கிறீர்கள் என்று விசாரித்து வைத்திருந்தேன்.

நோயாளி பார்ப்பதோடு முழு ஆஸ்பத்திரி நிர்வாகமும் உங்களுடையது என்று சொன்னேன். மாதம் நூற்றைம்பது ரூபாய் கேட்டீர்கள். நான் நூறு என்றேன்.

"ஒரு ஆம்பளை டாக்டரு இந்த நாற்காலியில உக்காந்திருந்தா, அவருகிட்டயும் நூறுன்னு சொல்வீகளா செட்டியார்?"

"அவருக்குக் குடும்பம் இருக்கும்ல டாக்டரம்மா. உங்களுக்குத் தங்க எடம் தர்றோம், தனி ஆளு. நூத்தைம்பது ரூவாய வச்சு என்ன செய்வீக?"

அன்று எழுந்து போய்விட்டீர்கள். மறுநாளும் வந்தீர்கள், அதற்கு மறுநாளும் வந்தீர்கள். மூன்று நாள் நாம் பேசினோம். வெளியில் பிரசவம் பார்த்துக் காசு வாங்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது என்றேன். அப்படியானால் அதற்கு ஈடாகச் சம்பளத்தை ஏற்றுங்கள் என்றீர்கள். ஏற்றவில்லை. பர்மாவில், மவுல்மீனில் இருபது வருஷம் வட்டிக்கடை நடத்தியவன் நான். எதிராளிக்கு அவசரம் என்று தெரிந்துவிட்டால் வாயைத் திறக்கவே மாட்டேன். உங்கள் தங்கைகளின் படிப்புச் செலவு எனக்குத் தெரிந்திருந்தது.

நூறிலேயே நின்றாலும் உங்களை நான் வஞ்சிக்கவில்லை என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஒப்பந்தச் சீட்டில் ஒரு ஷரத்தைச் சேர்த்தேன். எங்கள் கடைகளில் ஒரு முறை உண்டு. அக்கரைக் கடையை நடத்தப் போகிறவரை மேலாள் என்போம். மூன்று வருஷத்துக்கு மொத்தமாகச் சம்பளம் பேசிச் சீட்டு எழுதி, புறப்படும்போதே ஒரு பகுதியைக் கையில் கொடுத்து அனுப்புவோம். திரும்பி வரும்போது லாபத்தில் பத்துக்கு ஒன்று அவருக்கு. அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாளுக்கு அதில் பாதி. இதனால்தான் கடலுக்கு அந்தப் பக்கம் முதலாளி கண்ணில் படாமலேயே கடை ஒழுங்காக நடக்கிறது என்பது எங்கள் நம்பிக்கை. அதையே எழுதினேன். மேலாள் நீங்கள், அடுத்தாள் மருந்து கலக்கும் கம்பவுண்டர். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் வருஷா வருஷம் ஒதுக்கும் பணத்தில் மிச்சமாவது லாபம்.

சீட்டை இரண்டு தடவை படித்தீர்கள். "மிச்சம் வந்தாத்தான் எனக்குக் காசுன்னா, நோயாளி யாரும் வரக்கூடாதுன்னு நான் செபம் பண்ணணுமா?" என்று கேட்டீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு, முன்பணத்தை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டீர்கள்.

முதல் வருஷம் சல்லிக்காசு மிஞ்சவில்லை. பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வராதவர்களைத் தேடி நீங்கள் போனீர்கள். பஞ்சும் மருந்தும் தண்ணீராய்ச் செலவாகிறது என்று கம்பவுண்டர் என் காதில் ஓதினான். இரண்டாம் வருஷக் கடைசியில் நல்ல மிச்சம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடை முறை ஆஸ்பத்திரிக்கும் பொருந்திவிட்டது என்று கண்டனூர்ப் பங்காளியிடம் போய் அளந்துவிட்டு வந்தேன். உங்கள் பங்கை நானே கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கும்போது உங்கள் முகத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்காமல் கவரை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினீர்கள்.

மூன்றாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வழக்கம்போல ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தேன். மணி பதினொன்று இருக்கும். மானகிரியில் களை எடுக்கிற பெண் ஒருத்திக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அழுகைச் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் தாய் வராந்தாவில் என்னைக் கண்டதும் காலில் விழுந்து, "கட்டுன மகராசன், நல்லாயிருக்கணும் சாமி" என்றாள். நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். அந்தச் சமயத்தில்தான் உள்ளேயிருந்து உங்கள் குரல் வந்தது. நீங்கள் கத்தி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

"வெளிய யாரு? செட்டியாரா? காரு இருக்கா?"

"இருக்கு டாக்டரம்மா."

"தேவகோட்டைக்கு அனுப்புங்க. அங்க டாக்டர்ட்ட எர்காட் மருந்து வாங்கியாரச் சொல்லுங்க. ரத்தம் நிக்கல. ரெண்டு தடவை குடுத்துட்டேன், கேக்க மாட்டேங்குது."

"நம்மகிட்டயே அந்த மருந்து இருக்குமே..."

"இருக்கறது தண்ணி! வாயில வச்சுப் பாத்துட்டேன். வெறும் தண்ணி! அனுப்புங்கய்யா காரை!"

டிரைவரை விரட்டினேன். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. அதுவரைக்கும் உங்கள் கைதான் மருந்து. ஒரு கையை உள்ளே கொடுத்து, மறு கையால் வயிற்றின் மேல் அழுத்தி, கர்ப்பப்பையை இரண்டு கைக்கும் நடுவே இறுக்கிப் பிடித்திருந்தீர்கள் என்று உள்ளே கூட இருந்த ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கையை எடுத்தால் ரத்தம் கொட்டும், எடுக்கவே முடியாது. கதவுக்கு வெளியே நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மணி என்ன?"

"பதினொண்ணு இருபது."

சிறிது நேரம் கழித்து மறுபடியும், "மணி?"

"பதினொண்ணரை ஆகப்போகுது டாக்டரம்மா."

"அவ பேச மாட்டேங்குறா. அந்தம்மாவ அங்கிட்டு இருந்தே பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க."

தாய் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் எப்போதாவது முனகினாள். முனகல் நின்றுபோனபோதெல்லாம் தாய் குரலை உயர்த்திக் கூப்பிட்டாள். அரைமணி நேரம் முன்னால் என் காலில் விழுந்தவள் இப்போது என் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர் என்ற வார்த்தை அவள் காதிலும் விழுந்திருந்தது. ஓடிவிடலாமா என்று தோன்றியது எனக்கு. பன்னிரண்டேகாலுக்கு உங்கள் குரல் அடங்கிவிட்டது. மணி கேட்பதையும் நிறுத்திவிட்டீர்கள். நான் கேட்காமலே சொன்னேன், பன்னிரண்டு இருபது, பன்னிரண்டு இருபத்தைந்து என்று, கிளிப்பிள்ளை மாதிரி.

கார் வந்தது. மருந்து உள்ளே போனது. ஒரு மணி சுமாருக்கு நீங்கள் வெளியே வந்தீர்கள். முழங்கைக்கு மேல்வரை ரத்தம். என் பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்து, "பொழைச்சுக்கிட்டா" என்றீர்கள். தாய் உள்ளே ஓடினாள்.

கம்பவுண்டரைக் கூப்பிட்டேன். அவன் மறைக்கவும் இல்லை, அழவும் இல்லை. "மொதலாளிதான மிச்சம் புடிக்கச் சொன்னீக? எல்லா சீசாவுலயும் கொஞ்சங் கொஞ்சம் தண்ணி சேத்தேன். போன வருசம் மிச்சம் எங்குட்டுருந்து வந்துச்சுன்னு நெனைச்சீக?" என்றான். கடையில் இப்படித் துணிந்து கேட்டவன் எவனும் இல்லை. அந்த நிமிஷமே அவனை வெளியே அனுப்பினேன். அவன் போன பிறகும் என் கோபம் அடங்கவில்லை. அதை உங்கள் மேல் காட்டினேன்.

"அடுத்தாள் தப்புக்கு மேலாள்தான் பொறுப்பு டாக்டரம்மா. எங்க முறை அதுதான். நட்டத்த உங்க சம்பளத்துலதான் புடிக்கணும்."

சண்டைக்கு வருவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "புடிச்சுக்கங்க. போன வருசம் கவரக் குடுத்தீகல்ல, அன்னைக்கே எனக்குச் சந்தேகம். இத்தனை நோயாளி வந்தும் எப்படி மிஞ்சும்? கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சின்னவளுக்குப் பரீட்சைப் பணம் கட்ட வேண்டியிருந்துச்சு. பேசாம வாங்கி வச்சிக்கிட்டேன்." பிறகு எழுந்து நின்றீர்கள். "அந்தப் பத்துக்கு ஒண்ண அடிச்சிருங்க செட்டியார். என்னைய நான் நம்பணும்ல? நான் கேட்ட நூத்தைம்பதப் போடுங்க. நோயாளி மருந்துலயும் சோத்துலயும் மிச்சம் புடிச்சு எனக்கு ஒண்ணும் வேண்டாம். பாக்குற வேலைக்குச் சம்பளம், அவ்வளவுதான்."

அன்று சாயங்காலமே அந்த ஷரத்தை அடித்தேன். மருந்து அத்தனையும் கொட்டிவிட்டுப் புதிதாக வரவழைத்தேன். நட்டத்தையும் உங்களிடம் பிடிக்கவில்லை. ஆனால் நூறு நூறாகவே இருந்தது. "மூணு வருசத் தவணை முடியட்டும், பாப்போம்" என்றேன். அன்றைக்கு நான் தோற்று நின்றதைப் பார்த்தவர் நீங்கள். அந்த ஆளுக்கே ஏற்றிக் கொடுப்பதா என்று இருந்தது. வேறு காரணம் எதுவும் கிடையாது. இப்போது எழுதும்போது கூசுகிறது.

தவணை முடிந்தது. நான் நூற்றுப் பத்து என்றேன். நீங்கள் நன்றி சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டிவிட்டீர்கள்.

எங்கள் ஊருக்கு ரயில் வந்த புதிது. ஸ்டேஷனில் கூட்டம், பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். வழியனுப்ப வந்ததாகச் சொல்லிக்கொண்டேனே ஒழிய, நீங்கள் வேலைக்குப் போகிற ஆஸ்பத்திரியில் எவ்வளவு சம்பளம் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். நூற்றைம்பது என்றிருந்தால் அங்கேயே நூற்றைம்பத்தைந்து சொல்லி உங்களை இறக்கிக் கூட்டிவந்திருப்பேன். வியாபாரப் புத்தி. ஜன்னலோரம் நின்று கேட்டேன்.

"எழுபத்தஞ்சு" என்றீர்கள்.

"எழுபத்தஞ்சா? நான் நூத்துப்பத்துச் சொன்னேனே டாக்டரம்மா!"

"அங்க நாலு டாக்டரு இருக்காக. ரெண்டு பேரு ஆம்பளைக. நாலு பேருக்கும் எழுபத்தஞ்சுதான் செட்டியார்." சொல்லிவிட்டு, "கால்ல அந்தக் கொப்புளத்தக் கவனிங்க, செருப்பில்லாம நடக்காதீக" என்றீர்கள். வண்டி புறப்பட்டுவிட்டது. நான் கையைக்கூட ஆட்டவில்லை. எழுபத்தைந்து என்ற எண்ணிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

உங்களிடம் மறைத்தது இதற்குப் பிறகு நடந்தது. வேறு பெண் டாக்டர் கிடைக்காமல் உங்கள் இடத்துக்கு ஓர் ஆண் டாக்டர் வந்தார். உங்கள் படிப்புதான் அவருக்கும். உங்களைவிட வயசு குறைவு, அனுபவமும் குறைவு. இருநூறு ரூபாய் கேட்டார். நான் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டே சரி என்றேன். சீட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று. அவர் போய்க் கால்மணி நேரம் கழித்துத்தான், நான் பேரமே பேசவில்லை என்பது எனக்கு உறைத்தது. பேசத் தோன்றவே இல்லை, டாக்டரம்மா. அவர் கேட்டார், கொடுத்தேன்.

அன்றே உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை, கிழித்துப் போட்டேன். அதன் பிறகு எத்தனையோ பேருக்குச் சம்பளம் பேசியாயிற்று. பெண்பிள்ளை யாராவது எதிரே உட்கார்ந்து ஒரு தொகையைச் சொல்லும்போது, குறைத்துச் சொல்லத்தான் இன்றைக்கும் என் வாய் முதலில் வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதை எழுதுகிறேன். புத்தி திருந்தவில்லை, கைதான் திருந்தியிருக்கிறது. நீங்கள் கேட்டது நியாயமான சம்பளம். பேரம் பேசிய மூன்று நாளும் எனக்கு அது தெரியும்.